தறி ஓடும் வீட்டில் கைக்குழந்தை

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அந்த மாதமே பள்ளிக்கூடங்களோடு அங்கன்வாடிகளும் பூட்டப்பட்டன. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளுக்கு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் வந்தது. மழலையர் பள்ளிகளும் விளையாட்டுப் பள்ளிகளும் திறந்தது 2022 பிப்ரவரி 16 அன்றுதான். பூட்டிய நாளில் அப்போதுதான் உட்காரப் பழகியிருந்த ஒரு குழந்தை, திறந்த நாளில் இரண்டரை வயதை நெருங்கியிருந்தது. நடந்ததும் பேசியதும் ஓடியதும் நான்கு சுவருக்குள்ளேயே. பகல் முழுக்க இந்தப் பிள்ளைக்கு எப்படிப் பராக்குக் காட்டுவது என்ற கவலை வசதியுள்ள வீடு, இல்லாத வீடு என்று பாராமல் எல்லோரையும் பிடித்துக்கொண்டது.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு இந்தக் கவலை கொரோனாவோடு வந்ததல்ல, கொரோனாவோடு போகவும் இல்லை. எடப்பாடி, ஜலகண்டாபுரம், இளம்பிள்ளை, சங்ககிரி, பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, ராசிபுரம் என்று தறி ஓடும் ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் நிலம் இது. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் வெள்ளிக் கொலுசு வேலை வீட்டுத் திண்ணையிலும் முன்னறையிலும் நடக்கிறது. வேலையும் வீடும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதால் கைக்குழந்தைகள் வருஷம் முழுக்க வீட்டில்தான். அம்மா பத்தடி தூரத்தில் இருக்கிறாள். ஆனால் அந்தப் பத்தடியைக் கடந்து வர அவளுக்கு நேரம் கிடையாது. குழந்தையோடு ஒரே வீட்டில் இருப்பது வேறு, குழந்தையோடு இருப்பது வேறு. இந்தக் கட்டுரையின் விஷயமே இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான்.

கைத்தறிக் காலத்திலும் பிள்ளைகள் தறியடியில்தான் வளர்ந்தார்கள். தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்பவர் நினைத்த நேரத்தில் மிதியை நிறுத்தலாம். நாடா போய்வரும் இடைவெளியில் பிள்ளையோடு இரண்டு வார்த்தை பேசலாம், பாடலாம், அழுதால் தூளியை ஒரு கையால் ஆட்டிவிடலாம். வேலையின் வேகம் மனிதர் கையில் இருந்தது. அன்றைய வறுமையையும் கூலி வஞ்சனையையும் மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் போற்ற நான் வரவில்லை. வேகம் யார் கையில் இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

விசைத்தறியில் அது இயந்திரத்தின் கைக்குப் போய்விட்டது. ஓர் ஆள் நான்கு தறி, சில இடங்களில் அதற்கு மேலும் பார்க்கிறார். ஒரு தறியில் இழை அறுந்தால் அதை முடிவதற்குள் அடுத்ததில் நூல் சுற்றிய தார் தீர்ந்துவிடும். ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் முன்பணம் வாங்கிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியுமாகப் பட்டறைக்கு வருவது நெடுநாள் வழக்கம். கடன் கழியும்வரை தறி நிற்க முடியாது. குழந்தை பட்டறையின் ஓரத்தில் தூளியில் கிடக்கும், அல்லது ஒட்டியிருக்கும் அறையில் மூத்த பிள்ளையின் பொறுப்பில் இருக்கும்.

அந்த இடத்தின் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது ஏறக்குறைய 60 டெசிபெல். விசைத்தறிக் கூடத்தில் சத்தம் 90-ஐத் தாண்டுவது சகஜம். டெசிபெல் கணக்கில் ஒவ்வொரு பத்துக்கும் ஒலியின் செறிவு பத்து மடங்கு. 60-க்கும் 90-க்கும் நடுவே ஆயிரம் மடங்கு வித்தியாசம். பட்டறையில் பெரியவர்கள் கையசைத்தும் காதருகே கத்தியும் பேசிக்கொள்வார்கள், பழகிவிட்டது. கத்தினால் புரிந்துகொள்ள அவர்களுக்கு ஏற்கெனவே மொழி தெரியும். தூளியில் கிடக்கும் ஏழு மாதக் குழந்தைக்குத் தெரியாது. தன் மொழியின் ஒலிகளை இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கும் காது அது. அதற்கு வேண்டியது தெளிவாகக் கேட்கும் ஒரு குரல், அந்தக் குரலுக்குரிய முகம்.

முகம் என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970-களில் செய்த ஒரு சோதனை பிற்பாடு உலகப் புகழ் பெற்றது. தாய் குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருப்பார். பிறகு சில நிமிஷம் முகத்தை எந்த அசைவும் இல்லாமல் வைத்துக்கொள்வார். எதிரேதான் இருப்பார், பார்த்துக்கொண்டுதான் இருப்பார், பதில் மட்டும் வராது. குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். தாய் பக்கத்தில் இருந்ததால் மட்டும் அதற்கு ஆறுதல் கிடைக்கவில்லை. தறி பார்க்கும் பெண்ணின் முகம் பன்னிரண்டு மணி நேரமும் இழையின் மேலேயே இருந்தாக வேண்டும். அது அவள் குற்றம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பாவிலிருந்து கண்ணை எடுத்தால் துணியில் பிசிறு விழும், விழுந்தால் கூலியில் பிடிப்பார்கள்.

பதில் சொல்லும் மனிதரின் இடத்தை ஒரு திரை நிரப்புமா? ஆய்வாளர் பட்ரீசியா குல் தலைமையில் சியாட்டிலில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வு இதற்கு நேரான விடையைத் தந்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு பகுதியினரோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், படம் காட்டிப் பேசினார்கள். பன்னிரண்டு அமர்வில் அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. சென்னையிலிருந்து 2013-இல் கிளம்பிய சூச்சூ டிவியின் பாட்டுகள் உலகமெங்கும் ஓடுகின்றன, நம் ஊர்த் தூளிகளின் பக்கத்திலும் ஓடுகின்றன. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஒரு வயதுக் குழந்தை வரை திரை கூடாது என்றும், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்கிறது. இதைத் தறி ஓட்டும் அம்மாவிடம் புத்திமதியாகச் சொல்லிவிட்டு வந்தால் பயன் இல்லை. போனைக் கொடுக்கவில்லை என்றால் பிள்ளை தவழ்ந்து வந்து ஓடும் தறியின் பெல்ட்டைத் தொடும். அந்த வீட்டில் போன் என்பது ஒரு வேலி.

உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதலில் பலரும் கவனிக்காத இன்னொரு வரியும் உண்டு. குழந்தையை ஓரிடத்தில் கட்டிப்போட்டது போல, ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வைக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை விழித்திருக்கும் நேரத்தில் குறைந்தது 30 நிமிஷமாவது, பலமுறை பிரித்து, குப்புறப் படுக்கவிட வேண்டும். ஒரு வயது தாண்டினால் நாளுக்கு 180 நிமிஷ ஓட்டமும் ஆட்டமும். தூளி தூங்குவதற்கு அருமையான இடம். விழித்த குழந்தைக்கு அது கூண்டு. உள்ளே கிடந்தால் மேலே தெரியும் புடவைத் துணியைத் தவிர வேறு உலகம் இல்லை.

இத்தனை தேவைகளையும் தமிழ்நாடு வேறு பெயரில் வெகுகாலமாக அறிந்திருக்கிறது. பிள்ளைத்தமிழின் பருவங்களைப் பக்தி இலக்கியம் என்று மட்டும் படித்து முடித்துவிடுகிறோம். மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் பருவத்துக்கு ஒன்றாகப் பாட வேண்டும் என்பது பாட்டியல் நூல்கள் சொல்லும் இலக்கணம். ஐந்தாம் மாதத்துச் செங்கீரை, குப்புறக் கிடந்த குழந்தை கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடுவது. ஒன்பதில் சப்பாணி, இரு கையும் சேர்த்துக் கொட்டுவது. பதின்மூன்றில் வருகை, தள்ளாடி நடந்து வருவது. பிறகு அம்புலி, வானத்தில் இருக்கும் ஒன்றை இன்னொருவரோடு சேர்ந்து பார்ப்பது. இன்றைக்கு மருத்துவர் வளர்ச்சி அட்டையில் டிக் அடிக்கும் படிகளோடு இது ஏறக்குறைய ஒத்துப்போகிறது. கடைசி மூன்று பருவங்கள் ஆண்பாலில் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் அம்மானை, நீராடல், ஊசல். மணல், மேளம், வண்டி, பந்து, தண்ணீர், தூரி. இரண்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டியவை இன்றும் இந்த ஆறும்தான். பட்டினப்பாலையிலேயே குதிரை பூட்டாமல் சிறுவர்கள் உருட்டும் மூன்று கால் சிறுதேர் வருகிறது. அதன் வாரிசான மரத்து நடைவண்டியை எங்கள் பக்கம் தச்சர்கள் அண்மைக்காலம் வரை செய்துகொடுத்தார்கள். கடையில் வாங்கும் சக்கர வாக்கரில் குழந்தை உட்கார்ந்தபடி மிதக்கிறது. படியில் உருண்டு விழும் ஆபத்துக்காகக் கனடா அதை 2004-இல் தடையே செய்துவிட்டது. நடைவண்டியில் பிள்ளை தன் காலில் நின்றுதான் தள்ள வேண்டும். தள்ளினால் மட்டுமே நகரும்.

அப்பத்தாக்களும் அமுச்சிகளும் பிள்ளைத்தமிழ் படித்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் மடியில் நடந்தது இதே வித்தை. உள்ளங்கையில் பருப்புக் கடையும் விளையாட்டை நினைத்துப் பாருங்கள். குழந்தையின் கையை விரித்துப் பிடித்து, தன் முழங்கையால் அதில் கடைவதுபோலச் சுற்றுவார். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கி வீட்டாருக்கெல்லாம் சோறு பங்கு வைப்பார். அப்புறம் இரண்டு விரல் நண்டாகி மணிக்கட்டிலிருந்து மெதுவாக ஏறும். முதல் நாள் அக்குளைத் தொட்டால்தான் குழந்தை சிரிக்கும். சில நாளில் விரல் முழங்கையை எட்டும்போதே தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்துவிடும். இன்னும் சில நாள் போனால் கிழவி பாதியில் நிறுத்திச் சும்மா பார்ப்பார், குழந்தையே அவர் விரலைப் பிடித்து மேலே இழுக்கும். முறை வைத்துப் பேசுவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, எண்ணுவது, உறவுமுறை சொல்வது எல்லாம் இரண்டே நிமிஷத்தில். காசு செலவில்லை. ஒரு மடி வேண்டும், அவசரம் இல்லாத ஓர் ஆள் வேண்டும். பட்டறை வேலைக்கு அறுபது வயதிலும் தார் சுற்றப் போகும் பாட்டிகள் நிறைந்த ஊரில் அந்த ஆள்தான் கிடைப்பதில்லை.

அவசரம் இல்லாத ஓர் ஆள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜமைக்காவில் கணக்கு இருக்கிறது. 1986-87-இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை ஆய்வாளர் சாலி கிரந்தம்-மெக்ரெகரும் அவருடைய குழுவினரும் தேர்ந்தெடுத்தார்கள். வயது ஒன்பது மாதம் முதல் இரண்டு வருஷம் வரை. ஒரு பகுதியினர் வீட்டுக்குச் சமுதாய சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் போய்த் தாயையும் குழந்தையையும் சேர்த்து உட்காரவைத்து விளையாடக் கற்றுக்கொடுத்தார். விளையாட்டுச் சாமான்கள் வீட்டில் கிடந்த டப்பா, மூடி, அட்டையில் செய்தவை. இரண்டு வருஷம் இது நடந்தது. இருபது வருஷம் கழித்து அவர்களைத் தேடிப் பார்த்தபோது, அப்படி விளையாடிய பிள்ளைகளின் சம்பாத்தியம் விளையாட்டு கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. 2014-இல் 'சயின்ஸ்' இதழ் இதை வெளியிட்டது. ஒரு குழந்தையைச் சந்தோஷமாக வைத்திருப்பதற்குச் சம்பளக் கணக்குக் காட்டித்தான் நியாயம் சொல்ல வேண்டும் என்பது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிதித் துறைக்குப் புரியும் மொழி அது.

சாமானுக்குத் தறிவீட்டில் பஞ்சமே இல்லை. நூல் தீர்ந்த கோன்கள் ஒன்றுக்குள் ஒன்று சரியாகச் செருகிக்கொள்ளும். ஒரு வயதுப் பிள்ளை பத்துக் கோனை அடுக்கித் தள்ளி அடுக்கி அரைமணி நேரம் போக்கும். கடையில் விற்கும் அடுக்கு வளையம் செய்வதும் இதைத்தான். கோனை வாயில் வைத்து ஊதினால் குரல் மாறும். தலையில் வைத்தால் குல்லா. துண்டுத் துணிகளில் வழவழப்பும் சொரசொரப்பும் தடவிப் பார்க்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் பதினொரு மணிக்கு மேல் வாசலில் விட முடியாதபோது ஒரு தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை தண்ணீரும் ஒரு டம்ளரும் போதும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். குடிதண்ணீர் பிடித்து வைத்த வாளி தவழும் பிள்ளைக்குக் கிணற்றைவிட ஆபத்து. கழிவு நூலைத் தரையில் விடக் கூடாது. ஓர் இழை கால்விரலில் சுற்றிக்கொண்டால் விரல் வீங்கி ரத்த ஓட்டமே நின்றுபோகும். குழந்தை ஏன் அழுகிறது என்று தெரியாமல் வீடே திகைக்கும். காரணம் தெரியாமல் விடாமல் அழுதால் முதலில் பத்து விரலையும் பிரித்துப் பாருங்கள். கொலுசு வேலை நடக்கும் வீட்டில் சலங்கை மணிகளும் அமிலமும் நெருப்பும் ஒரே அறையில் இருக்கும். குழந்தைக்கு முதல் கிலுகிலுப்பையே காலில் கட்டும் கொலுசுதான். அதை ஊருக்கெல்லாம் செய்து தரும் வீடுகள் அவை. அந்த வீட்டுப் பிள்ளைகளைத்தான் அந்த மணியிலிருந்து காக்க வேண்டியிருக்கிறது. எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதாக இருக்கும் எதையும் மூன்று வயதுக்குள் கையில் கொடுக்காமல் இருப்பது நல்லது.

அப்பாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாமக்கல் லாரிக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கும் பேர் போன ஊர்கள். லாரியில் லைனுக்குப் போனவர் திரும்ப வாரக்கணக்கு, ரிக் வண்டியோடு வடக்கே போனவர் திரும்ப மாதக்கணக்கு. குழந்தை மருத்துவர் சங்கமும் திரைக்கு ஒரு விலக்குக் கொடுத்திருக்கிறது: உறவினரோடு எப்போதாவது வீடியோவில் பேசுவது. அதற்குக் காரணம், திரைக்கு அந்தப் பக்கம் பதில் சொல்லும் முகம் இருப்பது. ஏதோ ஒரு தாபாவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அப்பா கைகொட்டிக் காட்ட, இங்கே பிள்ளையும் கொட்டினால் அது சப்பாணிப் பருவம்தான்.

இதெல்லாம் வீட்டார் செய்யக்கூடியது. வீட்டார் செய்ய முடியாததும் இருக்கிறது. பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகள் பற்றி மத்திய அரசுக்காக ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை ஏற்று 1972-இல் அறிக்கை கொடுத்தவர் மீனா சுவாமிநாதன். 1975 அக்டோபர் 2 அன்று அங்கன்வாடித் திட்டம் பிறக்க அந்த அறிக்கை ஒரு தூண்டுகோல். 2022 மார்ச்சில் காலமாகும்வரை அவர் குழந்தை காப்பகத்தைத் தாயின் வேலை உரிமையோடும் குழந்தையின் விளையாட்டு உரிமையோடும் சேர்த்தே பேசினார். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமும் இருக்கிறது. ஆனால் அது இரண்டு வயது தாண்டியவர்களுக்கு. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு எடை பார்ப்பதும் சத்துமாவும் தடுப்பூசியும் உண்டு. பகலில் கொண்டுவந்து விட இடம் இல்லை.

சட்டத்தில் இடம் இருந்தது. 30-க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்றது 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களைச் சொன்னது. எட்டுத் தறி, பன்னிரண்டு தறி ஓடும் பட்டறை எந்த எண்ணுக்குள்ளும் வராது. ஒரே தெருவில் இருபது பட்டறை இருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அவை இருபது தனித்தனிச் சின்னப் பட்டறைகள். அம்மாக்கள் தனித்தனி, பிள்ளைகள் தனித்தனி.

கர்நாடகம் 2023-இல் 'கூசின மனே' என்ற பெயரில் கிராமப் பஞ்சாயத்துகளில் வேலைக்குப் போகும் தாய்மாரின் சின்னக் குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்கத் தொடங்கியது. மத்திய அரசின் 'பால்னா' திட்டமும் அங்கன்வாடியையே காப்பகமாக நீட்டிக்க இடம் தருகிறது. தமிழ்நாட்டிலேயே நான்கு மாவட்டங்களில் 640 மையங்களை எடுத்துக்கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. அவற்றில் ஒரு பகுதிக்குக் கூடுதலாக அரைநாள் பணியாளர் ஒருவரைப் போட்டபோது, குழந்தைகளுக்குக் கற்பிப்பதில் செலவிடும் நேரம் இரண்டு மடங்கானது. மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆக, ஓர் ஆள் கூடினால் போதும், கட்டடம்கூட அப்புறம்தான்.

எனவே பள்ளிபாளையத்துக்கும் இளம்பிள்ளைக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் கேட்க வேண்டியது இதுதான். தெருவுக்கு ஒரு காப்பகம், தறிச் சத்தம் எட்டாத தூரத்தில். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. காலை ஷிஃப்ட் ஏறும் நேரத்துக்கு முன் திறந்து, இறங்கும் நேரத்துக்குப் பின் மூட வேண்டும். அங்கன்வாடி நேரத்துக்கு அல்ல. பால் கொடுக்க அம்மா நடுவில் வந்துபோக இரண்டு முறை தறியை விட அனுமதி, கூலியில் பிடித்தம் இல்லாமல். பட்டறை உரிமையாளர்கள் தறிக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொள்ளட்டும், மீதியைப் பேரூராட்சியும் நகராட்சியும் தரட்டும். உள்ளே வேண்டிய சாமான்களில் பாதியை அந்தத் தெருவே கொடுத்துவிடும். காலிக் கோன்கள் மூட்டை மூட்டையாகப் பட்டறை வாசலில்தான் கிடக்கின்றன.